காளியண்ணனின் நாக்கு

காளியண்ணன் குடியை விட்டு நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நவநீதகிருஷ்ணன் அவரைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

நவநீதகிருஷ்ணன் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். மனைவியும் மகளும் சென்னையில் இருந்தார்கள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கூட்டுகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். காளியண்ணன் அந்த அலுவலகத்துக்கும் அதன் பின்னாலிருந்த குடியிருப்புக்கும் காவலாளி. ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி கையெழுத்துப் போட்டால் வேலை நீளும், போடாவிட்டால் அவ்வளவுதான்.

குடியிருப்பின் பரணைச் சுத்தம் செய்தபோது நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு சமையல் புத்தகம் கிடைத்திருந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுதியது. அட்டையைப் பூச்சி அரித்திருந்தது, உள்ளே எழுத்து சுத்தமாக இருந்தது. சூப்பு, புட்டிங், ஆட்டுக்கறி எல்லாம் முடிந்து கடைசி அத்தியாயத்தில் இருபத்துமூன்று காக்டெயில்கள். எது எத்தனை அவுன்ஸ், எதை எதோடு சேர்ப்பது, எத்தனை நேரம் குலுக்குவது என்று துல்லியமாக இருந்தது. நவநீதகிருஷ்ணன் பெரிய குடிகாரர் இல்லை. ஆனால் சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர். அவர் எழுத்துக்கென்று பல்லாயிரம் வாசகர்கள் இருந்தார்கள். ஒரு சாம்பாரை முகர்ந்தே எந்த ஊர்ப் பெருங்காயம் என்று சொல்வார் என்று அவரைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு.

அது ஒரு காலத்தில் உண்மை. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா வந்து போனபோது அவருடைய வாசனை அறியும் சக்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மட்டும் நாக்கில் தெரியும். மற்றபடி காப்பியும் வெந்நீரும் ஒன்றுதான். மனைவியைத் தவிர யாருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. நான்கு வருடமாக ஞாபகத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையிருப்பும் தீர்ந்துகொண்டே வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் ஒருவன் அலுவலக வாசலில் தேன் விற்க வந்தான். காளியண்ணன் ஒரு சொட்டை விரலில் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, “பாகு கலந்திருக்குதுங்க. தேனும் மலைத்தேன் இல்லீங்க, பொட்டியில வளத்தது. காப்பி பூத்த எடத்துல பொட்டி வெச்சிருந்துருக்கறான்” என்றார். தேன்காரன் முதலில் சத்தம் போட்டான். பிறகு ஒப்புக்கொண்டு போனான். நவநீதகிருஷ்ணன் மாடி ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறை மேசையில் எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரைப் பாகு, சேலத்திலிருந்து வாங்கி வந்த ஜின் புட்டி, அளவுக் கிண்ணம் எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் புத்தகம் விரித்து வைத்திருந்தது.

“உக்காருங்க காளியண்ணன். ஒரு சின்ன உதவி. இதை வாயில வச்சுப் பார்த்து எப்படி இருக்குன்னு சொல்லணும்.”

காளியண்ணன் உட்காரவில்லை. வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். கறுத்துப்போன மஞ்சள் கயிறு ஒன்று இருந்தது.

“நானு கயிறு கட்டியிருக்கறனுங்க. பெரியண்ணன் சாமி கோயில்ல கட்டுனது. தொடக் கூடாதுங்க.”

“தெரியும். குடிக்கச் சொல்லலையே. வாயில வச்சுட்டுத் துப்பிடுங்க. வெளிநாட்டுல இதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க, பெரிய சம்பளம். அவங்க யாரும் குடிக்கிறதில்ல, துப்பிடுவாங்க.” ஒரு பிளாஸ்டிக் குவளையை மேசை மேல் நகர்த்தி வைத்தார். “கயிறு கட்டினது குடிக்காம இருக்கத்தானே? ருசி பார்க்காம இருக்க இல்லையே?”

அந்தக் கயிற்றுக்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. காளியண்ணன் மாட்டை விற்றுக் குடித்துவிட்டு வந்த அன்று அவர் மனைவி பாப்பாத்தி மிளகுக்கொடிக்கு அடிக்கிற மருந்தை எடுத்துக் குடித்துவிட்டாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்து வந்தாள். வந்ததும் அவளே அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கயிறு கட்டி முடித்துத் திரும்பும்போது நடையை நிறுத்தாமல் சொன்னாள்: “இந்தத் தடவ சாகப் பாத்தேன். அடுத்த தடவ சாக மாட்டனுங்க. போயிருவேன்.”

“இன்னொண்ணு,” என்றார் நவநீதகிருஷ்ணன், எலுமிச்சையை நறுக்கிக்கொண்டே. “உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதுன்னு ஆபீஸ் சூப்பரின்டெண்ட் மேடம் சொன்னாங்க. ஞாபகமா என் மேசையில வைக்கச் சொல்லுங்க.”

காளியண்ணன் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வாங்கி, கண்ணை மூடி, குவளையில் துப்பினார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்குதுங்க.”

“நல்லாருக்குன்னா எதைப்போல?”

காளியண்ணன் யோசித்தார். “மழ உட்ட பொறவு, வெட்டிப்போட்ட பச்ச மரத்து மேல உக்காந்தாப்புல இருக்குதுங்க. எலுமிச்ச பின்னால வருதுங்க. பின்னால வந்தாலும் அதுதான் முன்னால நிக்குது.”

நவநீதகிருஷ்ணனின் கை நின்றது. ஒரு நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். காளியண்ணன் சொன்னார். ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில் அவர் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு நடந்து போகும்போது, வாயில் இருந்த எரிச்சலைவிட அந்த நினைப்புதான் அவருக்கு அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த வரிகள் இணையத்தில் வந்தன. மலையில் கிடைத்த பழைய புத்தகம், அதிலிருந்து முதல் பானம், அதைச் சுவைத்த நவநீதகிருஷ்ணனின் வார்த்தைகள். ‘இப்படி ஒரு நாக்கு யாருக்கு உண்டு சார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். நவநீதகிருஷ்ணன் கும்பிடு போடும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

ஞாயிறுதோறும் ஒரு பானம் என்று போனது. பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு கிடைக்காத இடத்தில் ஆரஞ்சுத் தோலையும் மிளகையும் ஊற வைத்துச் சேர்த்தார்கள். அன்னாசிப்பழம் கேட்ட இடத்தில் மலை அன்னாசியே இருந்தது. ஆரஞ்சுத் தோலைத் தீயில் காட்டிப் பிராந்தியில் போட்ட ஐந்தாவது பானத்துக்குக் காளியண்ணன், “அடுப்புச் சாம்பலுக்கு அடியில ஒரு கங்கு அணையாம கெடக்குமில்லீங்க, அதத் தெரியாம மிதிச்சாப்புல இருக்குதுங்க” என்றார். அந்த வரியை ஆயிரத்துச் சொச்சம் பேர் பகிர்ந்தார்கள்.

ஆறாவது வாரம் காளியண்ணன் துப்பவில்லை. வாயில் வைத்தது தானாக உள்ளே இறங்கிவிட்டது. அவர் திடுக்கிட்டு நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார். நவநீதகிருஷ்ணன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் கவனித்துவிட்டார். ஏழாவது வாரம் மேசையில் துப்புகிற குவளை இல்லை.

“ஐயா, கொவளைங்க?”

“உடைஞ்சு போச்சு. சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது. உள்ள இறங்கினாத்தான் முழு ருசி தெரியுது. போன வாரம் நீங்க சொன்னதுதான் இதுவரைக்கும் சொன்னதிலேயே நல்லா இருந்தது.”

பிளாஸ்டிக் குவளை எப்படி உடைந்தது என்று காளியண்ணன் கேட்கவில்லை.

அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த அமலோற்பவம் திண்டுக்கல்காரர். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. காளியண்ணன் வாயில் சோம்பை அடக்கிக்கொண்டு வேலைக்கு வருவதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு கோப்பில் கையெழுத்து வாங்கும் சாக்கில் அதிகாரியின் அறைக்குப் போனார்.

“சார், காளியண்ணன் கயிறு கட்டினவரு. அவர் சம்சாரம் ஒரு தடவை மருந்து குடிச்சுப் பிழைச்சவங்க. அவரை இதுல இழுக்க வேணாமே.”

“அவர் விருப்பப்பட்டுத்தான் வர்றார் மேடம். கேட்டுப் பாருங்களேன்.” நவநீதகிருஷ்ணன் கோப்பில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “உங்க இடமாறுதல் மனு ஒண்ணு இருந்ததே, அனுப்பிட்டேனா?”

“இன்னும் இல்ல சார்.”

“ஞாபகப்படுத்துங்க.”

அமலோற்பவம் கோப்போடு தன் இடத்துக்குத் திரும்பினார்.

பாப்பாத்திக்கும் தெரியாமல் இல்லை. மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அவள் மரவள்ளிக்குக் களை வெட்டிவிட்டு வரும்போது அவர் முன்னதாகவே படுத்திருப்பார். பக்கத்தில் போனால் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் கேட்டாள்: “ஏனுங்க, வாயில என்ன வாசம்?”

“ஆபீசுல ஆரஞ்சு குடுத்தாங்க.”

அவள் போய்க் களி கிண்டினாள். நான்கு வருடம் நம்பியிருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் நம்பிப் பார்ப்போம் என்று தோன்றியிருக்கலாம்.

பங்குனியில் கோயம்புத்தூரிலிருந்து ஜெனிபரும் அவள் கணவன் பிரேமும் வருவதாகச் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள். நவநீதகிருஷ்ணனைவிட இருபது மடங்கு பேர் அவர்களைப் பார்த்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு ஞாயிறு மதியம் வந்து, அந்தப் புத்தகத்தையும் அவரையும் படம் எடுக்கப்போகிறார்கள். நவநீதகிருஷ்ணன் அதற்கு மில்க் பஞ்ச் என்ற பானத்தைத் தேர்ந்தெடுத்தார். பிராந்தியில் எலுமிச்சைத் தோலை ஊற வைத்து, சாறும் சர்க்கரையும் சேர்த்து, கொதிக்கிற பாலை அதில் ஊற்ற வேண்டும். பால் திரைந்துவிடும். அதைத் துணியில் திரும்பத் திரும்ப வடித்தால் பால் எல்லாம் துணியில் தங்கி, கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒன்று இறங்கும். குடித்தால் பாலின் மெதுமை மட்டும் இருக்கும்.

அன்று காலை ஏழு மணியிலிருந்து நான்கு தடவை செய்தார்கள். நான்கையும் காளியண்ணன் குடித்தார். மூன்றாவதைக் குடித்துவிட்டு, “பொறந்த கன்னுக்குட்டியத் தூக்குனா கையில ஒரு சூடு இருக்குமுங்க. அந்தச் சூட்டுக்கு ருசின்னு ஒண்ணு இருந்தா இதுதானுங்க” என்றார். நவநீதகிருஷ்ணன் அதை நான்கைந்து முறை வாய்க்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். விருந்தினருக்கான ஐந்தாவது தடவைக்கு வடிதுணி போதவில்லை. அவரே பின்பக்கம் போய்க் கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து வடித்தார். தோட்டத்து அவரைக்கு அடிக்க வேப்பெண்ணெய்க் கரைசல் வடித்த துணி அது. அலசிக் காயப்போட்டிருந்தது. பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது.

காளியண்ணன் வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். “ஐயா, இது வேண்டாமுங்க. துணியில என்னமோ இருந்திருக்குது. வேப்பெண்ணெ நாத்தம் அடிக்குதுங்க.”

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. நவநீதகிருஷ்ணன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் கசந்தது. தோல் கசப்பு என்று நினைத்தார்.

“காலையிலிருந்து ஏத்திக்கிட்டு இருக்கீங்க. உங்க நாக்கு செத்துப்போச்சு. போய்ப் பின்னால உக்காருங்க. அவங்க இருக்கிற வரைக்கும் முன்னால வரக் கூடாது.”

காளியண்ணன் பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கூடத்தில் பேசுவது எல்லாம் கேட்டது.

ஜெனிபர் புத்தகத்தைப் படம் எடுத்தாள். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். நவநீதகிருஷ்ணன் கன்றுக்குட்டியின் சூட்டைப் பற்றி நிதானமாகச் சொன்னார். பிரேம் கைதட்டினான். பிறகு இருவரும் ஒரு வாய் குடித்தார்கள். ஜெனிபர் உடனே கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சார், இதுல வேப்பெண்ணெய் வாசம் அடிக்குதே?”

“அது எலுமிச்சைத் தோல். அந்தக் காலத்து முறையில அந்தக் கசப்பு வரும்.” அவரும் ஒரு வாய் குடித்துக் காட்டினார்.

“கசப்பு இல்ல சார், வாசம். உங்களுக்கு அடிக்கலையா?”

“இதுல ஒரு பச்சை வாசம் இருக்கும். அதைத்தான் சொல்றீங்க.”

பிரேம் கோப்பையை முகர்ந்துவிட்டுத் தும்மினான். ஜெனிபர் அவரை உற்றுப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு விளையாட்டு தோன்றியது. “சார், கண்ணை மூடுங்க. சும்மா ஜாலிக்கு.” சமையலறைக்குள் போய் இரண்டு டப்பா எடுத்து வந்தாள். ஒன்றைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். “என்னன்னு சொல்லுங்க.”

நவநீதகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்த்தது. “ஏலக்காய்” என்றார்.

அது பெருங்காயம். பிரேம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அடுத்த டப்பாவில் துணிசோப்புத் தூள். “ஏலக்காய்தான் இது” என்று திருத்திக்கொண்டார் நவநீதகிருஷ்ணன். ஜெனிபர் சிரித்தாள். பிறகு, சிரித்தபடியே, “இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்” என்று தன் செருப்பைக் கழற்றி மூக்கருகே நீட்டினாள். அவர் ஆழமாக மூச்சை இழுத்தார்.

“கிராம்பா?”

போகும்போது இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். யாருக்கும் காட்ட மாட்டோம் என்றார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீடியோ வந்துவிட்டது. செருப்பை முகர்ந்த இடம் மட்டும் தனித் துண்டாக வந்தது.

நவநீதகிருஷ்ணன் பத்து மணிக்கு அலுவலகம் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அமலோற்பவத்தைக் கூப்பிட்டு ஒரு குறிப்பாணை அடிக்கச் சொன்னார். காவலாளி காளியண்ணன் பணி நேரத்தில் மது அருந்தியிருந்தார், அதிகாரியின் குடியிருப்பிலிருந்து மதுவைத் திருடினார், விருந்தினருக்கான பானத்தில் விஷமத்தனமாக வேப்பெண்ணெய் கலந்தார். அமலோற்பவம் அடித்தார். ‘விஷமத்தனமாக’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு அடித்து முடித்து எடுத்துக் கொடுத்தார்.

“அவர் சம்சாரத்தையும் வரச் சொல்லுங்க” என்றார் நவநீதகிருஷ்ணன்.

பாப்பாத்தி வயலிலிருந்து காலைக்கூடக் கழுவாமல் வந்தாள். அறைக்குள் காளியண்ணன் நின்றிருந்தார். நவநீதகிருஷ்ணன் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. குறிப்பாணையை அமலோற்பவம் அவளுக்குப் படித்துக் காட்டினார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போலீசுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லம்மா,” என்றார் நவநீதகிருஷ்ணன். “அவர் செஞ்சதை அவர் வாயால ஒப்புக்கிட்டாப் போதும். இந்தப் போன்ல பேசட்டும். வேலையையும் பார்த்துக்கலாம்.”

பாப்பாத்தி கணவரைப் பார்க்காமல் கேட்டாள்: “சாருங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கயிறு கட்டுன மனுசனுக்கு மொத மொடக்கு ஆரு ஊத்திக் குடுத்தாங்க?”

“யாரும் வாயைத் திறந்து ஊத்தலையேம்மா. நீங்களே கேளுங்க.”

அவள் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நவநீதகிருஷ்ணன் போனை நீட்டிப் பிடித்தார். “சொல்லு” என்றார். அவர் காளியண்ணனை ‘நீ’ என்றது அன்றுதான்.

“நானு… ஐயா ஊட்டுல இருந்த சாராயத்தத் திருடிக் குடிச்சனுங்க. குடி வெறியில வந்தவிய குடிக்கறதுல எண்ணெயக் கலந்தனுங்க.”

“என்ன எண்ணெய்னு தெளிவா சொல்லு. மறுபடி முதல்லேர்ந்து.”

இரண்டாவது தடவை காளியண்ணன் வரிகளை மாற்றிச் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அதிகாரிக்குச் சளி பிடித்து மூக்கடைப்பு இருந்தது தெரிந்தே அப்படிச் செய்தேன் என்ற வரியையும் நவநீதகிருஷ்ணன் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். பாப்பாத்தி மூன்று தடவையும் சுவரோரம் நின்று கேட்டாள்.

அந்த வீடியோ இணையத்தில் வந்த பிறகு எல்லாம் மாறியது. பாவம் அந்த அதிகாரி, நம்பி வைத்த ஆள் இப்படிச் செய்துவிட்டானே என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். ஜெனிபர் தன் வீடியோவை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தாள். காளியண்ணனின் முகத்தை வைத்து ஒரு வாரம் கேலிப்படங்கள் ஓடின. மாதக் கடைசியில் ஒப்பந்தக் காகிதம் கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. அமலோற்பவத்தின் இடமாறுதல் மனு அதே தபாலில் மேலே போனது.

பாப்பாத்தி சண்டை போடவில்லை. வீடியோ எடுத்த மறுநாள் காலை ஒரு பையில் இரண்டு சேலையும், அவள் பெயரிலிருந்த ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினாள். அங்கே அவளுடைய அக்கா இருந்தாள். காளியண்ணன் பஸ் நிற்கிற இடம் வரை பின்னாலேயே போனார்.

“கண்ணு, இன்னொரு தடவ கோயிலுக்குப் போலாம். கட்டிக்கறேன்.”

“சாமிகிட்ட இருக்கற கயிறு தீராதுங்க. எனக்குத்தான் தீந்துபோச்சு” என்றாள் அவள். பஸ் கிளம்பியது.

ஒரு தடவை அவர் மலை இறங்கிப் போய் அவளைப் பார்த்தார். அவள் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு தோல் சீவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவருக்கு இலை போட்டுச் சோறு போட்டாள். குழம்பு போதுமா என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும், “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்றாள்.

ஆடி பிறந்தபோது நவநீதகிருஷ்ணன் ஆள் அனுப்பினார். இடையில் அவர் ஓட்டுநரை வைத்துப் பார்த்திருந்தார், கடைக்காரர் சின்னுசாமியை வைத்துப் பார்த்திருந்தார். எல்லோரும் ‘சூப்பருங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தில் இன்னும் எட்டுப் பானங்கள் பாக்கி இருந்தன.

காளியண்ணன் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. நவநீதகிருஷ்ணன் பழையபடி, “உக்காருங்க” என்றார். நடந்ததைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் ரம்மில் தேனும் எலுமிச்சையும் சேர்த்துக் குலுக்கி ஊற்றினார். காளியண்ணன் ஒரே மடக்கில் குடித்தார்.

“எப்படி இருக்கு?”

காளியண்ணன் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க மலிவுச் சரக்கைக் குடித்துக் குடித்து நாக்கு தடித்துப் போயிருந்தது. இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார்.

“எதைப்போல இருக்கு? சொல்லுங்க” என்றார் நவநீதகிருஷ்ணன், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

காளியண்ணன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே பலா மரத்தின் மேலும் கம்பி வேலியின் மேலும் தூறிக்கொண்டிருந்தது.

“ஈரமா இருக்குதுங்க… பலா எல மேல தண்ணி சொட்டறாப்புல,” என்றார். நவநீதகிருஷ்ணன் எழுதினார். “அடியில கம்பி வேலி துருப்பிடிச்சாப்புல ஒண்ணு. அதுக்கு அந்தப்பக்கம் மஞ்சளா ஒரு பூவுங்க.”

“பிரமாதம். என்ன பூ?”

“தெரியலீங்க,” என்று காளியண்ணன் கோப்பையை நீட்டினார். “இன்னொரு மொடக்கு ஊத்துனா சொல்லீரலாமுங்க.”

நவநீதகிருஷ்ணன் ஊற்றினார்.